எறும்பு ஏறாத சுவர்

மஹ்மூதா: எஸ்றா, இங்கன வா. இந்தச் செவுத்துல ஏம்லே ஒரு எறும்பக்கூடக் காணும்?

எஸ்றா: மலையில குளிருல்லாக்கா... இன்னும் முழிச்சிருக்காது.

மஹ்மூதா: பக்கத்துச் செவுத்துல முழிச்சி வரிசையா போகுதே.

எஸ்றா: அது... வேற குடும்பமா இருக்கும்.

மஹ்மூதா: சுண்ணாம்புச் சாந்துல கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊத்துனா எறும்பு மொய்க்கும். நீ என்னத்த ஊத்துன?

எஸ்றா: கடுக்காய் கொஞ்சம் கூடிப்போச்சி. எறும்புக்குத் துவர்ப்பு ஆவாது பாத்துக்கோங்க.

மஹ்மூதா: ஒங்கிட்ட வந்து சொல்லிச்சோ? இது ராசா படுத்த அறை. நாளைக்கு ஓட்டலாயிட்டா வெளிநாட்டுக்காரன் வந்து படுப்பான். கோட்டைய அந்தக்காலத்துல கட்டுன மாதிரியே கட்டணும், துளி சிமெண்டு கண்டாலும் காண்ட்ராக்டு போச்சி, அன்னைக்கே மலைய விட்டு எறங்கணும்னு ஓட்டல் இஞ்சினியரு சொல்லித்தான எங்கிட்ட வேலையக் குடுத்தாரு?

எஸ்றா: ஆமாக்கா.

மஹ்மூதா: மதியம் வாராரு. செவுத்தக் கொத்திப் பாக்க மாட்டாரு, எறும்பத்தான் பாப்பாரு. அந்த வித்தைய அவருக்குச் சொல்லிக்குடுத்ததே நாந்தான். இப்பச் சொல்லு.

எஸ்றா: சாரல் விட்டபாடில்ல. சுண்ணாம்பு காயவே மாட்டேங்கு. நீங்க வேற, கூரைய ஏத்து, கூரைய ஏத்துன்னிய...

மஹ்மூதா: அதனால?

எஸ்றா: மேலாப்புல மட்டுந்தான் சுண்ணாம்பு, அதுலயும் கருப்பட்டி ஊத்தல. உள்ள பூரா... சிமெண்டு. ஏசணும்னா ஏசிருங்கக்கா.

மஹ்மூதா: ஏசுனா எறும்பு வருமா? கருப்பட்டி இருக்கா?

எஸ்றா: காப்பிக்கு வாங்குனது கெடக்கு.

மஹ்மூதா: கரச்சி, பழந்துணிய முக்கி, அடியில இருந்து ஒத்திக்கிட்டே மேல போ. இழுக்காத, இழுத்தா கறை தெரியும். அந்தா, மூலையில பக்கத்துச் செவுத்தத் தொட்டு விடு. அங்கன போறதுல பாதி இங்கன திரும்பிரும்.

எஸ்றா: கூடுதலா ஒத்தவா?

மஹ்மூதா: வேண்டாம். கூடுனா ஈ வந்துரும். ஈ வந்தா அவருக்குச் சந்தேகம் வரும்.

எஸ்றா: ...அக்கா.

மஹ்மூதா: என்னலே?

எஸ்றா: பக்கத்துச் செவுரு, நான் கல்லிடைக்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப நீங்க நின்னு கட்டுனதுதான?

மஹ்மூதா: ஆமா.

எஸ்றா: அதுவும் சாரல்லதான கட்டுனிய? சட்டுனு காஞ்சிட்டே.

மஹ்மூதா: காஞ்சிட்டு.

எஸ்றா: ஆனா அதுல எறும்பு மொய்க்குதேக்கா.

மஹ்மூதா: மொய்க்கும். நேத்துத்தான ஒத்துனேன்.