வலது பக்கத்துத் தார்

– அந்தப் பாத்திரம் தேய்க்கிற நாரை முதல்ல கீழ போடுங்க.

– சின்னப் புள்ளிதானே. ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்.

– தார் வரும், கூடவே பெயின்ட் வரும், பின்னாலயே எங்க அம்மா வருவாங்க. அவங்க வாங்கி நாலு மாசம்கூட ஆகாத வெள்ளைக் கார்.

– அத்தை தூங்கறாங்க. கவலையே படாத.

– நாலு மணிக்கு பால்கனியில வந்து நிப்பாங்க. காரைப் பார்த்துட்டுதான் முகமே கழுவுவாங்க. இப்ப மூணு இருபது.

– பல் டாக்டர்கிட்ட போற வழியில பட்டுதுன்னு சொல்லிட்டா போச்சு.

– உங்க அறிவுக்கு ஒரு மாலை போடணும். ஊர்லயே இப்ப தார் போடற ஒரே தெரு சித்தி வீட்டுத் தெரு. அது அம்மாவுக்கு நல்லாத் தெரியும்.

– தங்கச்சி முகத்துலயே முழிக்கிறதில்ல, தங்கச்சி தெருவுல ரோடு போடறது மட்டும் எப்படித் தெரியுமாம்?

– சண்டைன்னா சும்மாவா? தகவல் வேண்டாமா? "அவ வாசப்படி மிதிச்சவங்க என் வாசப்படி மிதிக்க வேண்டாம்"னாங்களே. பெரியப்பா பையன் மிதிச்சான். ரெண்டு வருஷமா அவன்கூட பேச்சே இல்ல.

– ஒரு இரும்பு பீரோவுக்குப் போய் பதினோரு வருஷமா?

– தாத்தாவோட பீரோ. அக்காவுக்கா தங்கச்சிக்கான்னு ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டு பேருக்கும் முட்டி வலி, பீரோ சாவி எங்கன்னு யாருக்கும் தெரியாது, சண்டை மட்டும் புதுசா இருக்கு. சிரிக்காதீங்க. எனக்கு பயமா இருக்கு. எனக்கு இருக்கறது ஒரே அம்மா.

– சரி சரி, அழாத. சித்திக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு, போய்ப் பார்க்காம இருக்க முடியுமா? கார் சாமான் கடைக்காரர் குடுத்த தார் எடுக்கற மருந்து இருக்கு. கவலையே படாத.

– முதல்ல தண்ணி. மண்ணோட துடைச்சா கீறிடும்.

– ஊத்தியாச்சு. அப்பவே காரை நிழலுக்கும் தள்ளிட்டேன். தகரம் சூடு இல்ல.

– மருந்தைக் கதவுக்கு அடியில, கண்ணுல படாத இடத்துல ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க.

– வெச்சேன். நிறம் மாறல. இப்ப?

– துணியை நனைச்சு தார் மேல ஒட்ட வைங்க. தேய்க்காதீங்க. தானா இளகட்டும். ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க, உங்களுக்கு அது நல்லாவே வரும்.

– பார், வழுக்கிட்டு வருது. வெண்ணெய் மாதிரி.

– அப்பாடா. சோப்புத் தண்ணி விட்டு மருந்தை அலசிடுங்க, இல்லன்னா கறை நிக்கும். மெழுகு கடைசியில. அந்தப் பக்கம் போங்க.

– இங்க ஒண்ணு சரியில்லையே.

– என்ன?

– இந்தப் பக்கம் இருக்கறது கல்லா இறுகிக் கிடக்கு. இது இன்னிக்குப் பட்டதில்ல. மூணு நாலு நாள் ஆச்சு. டயர் ஓரமெல்லாம் அப்பியிருக்கு. ஓட்டிட்டுப் போனா தெறிக்கும், இப்படி அப்பாது.

– மூணு நாள் முன்னாடி நாம காரை எடுக்கவே இல்லையே.

– துணியைத் திருப்பிப் பிடிங்க மாப்பிள்ளை. அழுக்குப் பக்கத்தாலயே துடைக்கிறீங்க.

– அத்தை! அது வந்து... பல் டாக்டர்...

– யாருக்குப் பல்லு?

– எனக்கு.

– எனக்கும்மா.

– ரெண்டு பேரும் ஒரே பல்லை வெச்சிருக்கீங்க போல. நான் இறங்கி வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்தப் பக்கத்துத் தார் செவ்வாய்க்கிழமை பட்டது. எண்ணெய் தடவிப் பார்த்தேன், அசையல.

– அம்மா, நீங்க சித்தி வீட்டுக்குப் போனீங்களா?

– வீட்டுக்கு எதுக்குப் போறேன்? தெருவுக்குப் போனேன். தெரு பொது.

– போய்?

– அவ வாசலுக்கு எதிர்ல காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். ரோடு போடறவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். வண்டியை எடுங்கம்மான்னான். எடுக்க மாட்டேன்னேன். ரெண்டு தடவை கெஞ்சினான், அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டு என்னைச் சுத்தியே தார் போட்டுட்டுப் போயிட்டான்.

– ஓ! சித்தி வீட்டு வாசல்ல ஒரு கார் அளவுக்குத் தார் இல்லாம இருந்துச்சே, அது நீங்களா அத்தை? ஊரே ரோடு போட்டவனைத் திட்டிட்டு இருக்கு.

– திட்டட்டும்.

– எவ்வளவு நேரம்மா உக்காந்திருந்தீங்க?

– இருட்டற வரைக்கும். ஜன்னல் திறக்குமான்னு பார்த்தேன். திறக்கல. வாய்க்கொழுப்பு இருந்த அளவுக்கு, இறங்கிப் போய்க் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்ல.

– அம்மா...

– நீங்க ரெண்டு பேரும் உள்ள போனீங்கள்ல? எழுந்து நடக்கறாளா?