புன்னையடி ஸ்ரேசன் கூட்ஸ் பாதையில் எடுத்த இரண்டு தண்டவாளங்கள்

பெயர்: செல்வத்துரை சுகிர்தம். வயது: 68. சமயம்: கிறிஸ்தவம். தொழில்: ஓய்வுபெற்ற ஆசிரியை. முகவரி: இல. 14, ஸ்ரேசன் ஒழுங்கை, புன்னையடி. திகதி: 2025.08.19. நேரம்: முற்பகல் 9.40. இவர் தானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறியதை, அவர் கேட்டுக்கொண்டபடி அவரது சொற்களிலேயே சார்ஜன்ட் கேதீஸ்வரன் ஆகிய நான் எழுதுகின்றேன்.

நான் மேலை சொன்ன விலாசத்திலை தனியாய் இருக்கிறன். முப்பத்தொரு வருசம் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். நேற்றுப் பின்னேரம் நீங்கள் பிடிச்சுக்கொண்டுவந்து அடைச்சு வைச்சிருக்கிற கனிசியஸ், சிமியோனின்ரை மகன், எனக்குப் பக்கத்து வளவு. இரும்பு ஒட்டுற பட்டறை வைச்சிருக்கிறவன். அவன் களவெடுக்கேல்லை. தண்டவாளத்தை வெட்டச் சொன்னது நான். அவனை விடவேணும் எண்டுதான் வந்தனான். தம்பி, இதை முதலிலை எழுதுங்கோ, மற்றதைப் பிறகு சொல்லுறன் எண்டன். சார்ஜன்ட் எழுதினவர்.

என்ரை மனுசன் செல்வத்துரை புன்னையடி ஸ்ரேசனிலை கூட்ஸ் கிளாக்கராய் இருந்தவர். பெரும்பாதையாலை பிரிஞ்சு கூட்ஸ் கொட்டிலுக்குப் போற பாதை அவரின்ரை பொறுப்பு. சண்டிலிப்பாய்ப் பக்கத்து வெங்காயமும் புகையிலையும் அதிலை நிக்கிற பெட்டியளிலை ஏறித்தான் கொழும்புக்குப் போறது. 1990 ஆனியோடை, சண்டையாலை, ரயில் கோச்சி ஓடுறது நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகு ஷெல்லடி தொடங்க, ஊர்ச்சனம் பதுங்கிறதுக்குப் பங்கர்க் கிடங்கு வெட்டி, மேலை போடுறதுக்குத் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழட்டத் தொடங்கினது. ஆரும் அதைக் களவெண்டு நினைக்கேல்லை. உயிர் தப்பவேணுமே. உங்கடை அப்பாவும் எடுத்திருப்பர் தம்பி, கேட்டுப் பாருங்கோ.

ரெண்டு மாசத்திலை பெரும்பாதை துடைச்ச மாதிரிப் போச்சு. கூட்ஸ் பாதையிலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கேல்லை. என்ரை மனுசன் விடேல்லை. காலமையிலை வேலைக்குப் போற சேட்டைப் போட்டுக்கொண்டு கூட்ஸ் கொட்டில் வாசலிலை கதிரையைப் போட்டு இருந்தவர். வந்த ஆக்களோடை சண்டை பிடிச்சவர். குருநகரிலையிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவுக்கு வந்த சிமியோன் அண்ணை தண்டவாளம் நெம்ப அலவாங்கோடை வரேக்கை அவரையும் திட்டிக் கலைச்சவர். சிமியோன் அண்ணை பெரும்பாதைக்குப் போய்க் கடைசியாய்க் கிடந்த தண்டவாளங்களைக் கழட்டித் தன்ரை பங்கருக்குப் போட்டவர்.

அதுக்குப் பிறகு நான் மனுசனிட்டைக் கேட்டனான். எல்லாரும் எடுக்கினம், எங்களுக்கும் நாலு துண்டைக் கொண்டுவாங்கோவன் எண்டு. அவர் சொன்ன பதில் எனக்கு இப்பவும் காதிலை நிக்குது. "சுகிர்தம், அது அரசாங்கச் சொத்து. கோச்சி திரும்பி வரேக்கை நான்தான் பொறுப்புச் சொல்லவேணும்." நான் கத்தினன், சமைக்காமல் விட்டன், ஆள் அசையேல்லை. எங்கடை பங்கருக்குப் பின்வளவிலை விழுந்துகிடந்த பனையைத் தறிச்சுக் குற்றி போட்டவர். கறையான் அரிச்ச பனை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

1991 பங்குனி மாசம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணியிருக்கும். ஷெல் எங்கையிருந்து வந்ததெண்டு உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. சத்தம் கேட்டவுடனை மகள் நிஷானி ஓடிப்போய்ப் பங்கருக்குள்ளை இறங்கினவள். ஒன்பது வயது. நான் அடுப்பிலை கிடந்த சோத்தை இறக்கி வைச்சுப்போட்டு வாறன் எண்டு நிண்டனான். எங்கடை வேலிக்கும் சிமியோன் அண்ணையின்ரை வேலிக்கும் நடுவிலை ஒழுங்கையிலை ஷெல் விழுந்தது. ரெண்டு பங்கருக்கும் ஒரே தூரம். அவையின்ரை பங்கரிலை ஏழு பேர் இருந்தவை, மண் கொட்டுப்பட்டதோடை சரி. எங்கடை பனங்குற்றி நடுவாலை முறிஞ்சு மண்ணோடை உள்ளுக்கு இறங்கிப்போச்சு.

அதுக்குப் பிறகு கனிசியஸ் வேலியைப் பிச்சுக்கொண்டு ஓடிவந்தவன். அப்ப அவனுக்குப் பதினெட்டு வயது. ஷெல் விழ விழக் கையாலை மண்ணைக் கிளறி நிஷானியை வெளியிலை எடுத்தவன். உயிர் இல்லை. சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்க ஏலாது, றோட்டு முழுக்க ஷெல். போதகரும் வரேல்லை. பின்னேரம் அந்தக் கிடங்குக்குள்ளையே அவளைத் திருப்பி வைச்சு மூடினம். மண்ணும் அதே மண்தான். என்ரை மனுசன் அடுத்தநாள் காலமை சேட்டைப் போட்டுக்கொண்டு கூட்ஸ் கொட்டிலுக்குப் போனவர். நான் அவரோடை மூண்டு வருசம் கதைக்கேல்லை. பிறகு கதைச்சனான், ஆனால் மன்னிக்கேல்லை. அதையும் எழுதுங்கோ.

அவர் 2012இலை செத்தவர். சாகுமட்டும் கூட்ஸ் பாதையிலை புல்லுப் புடுங்கினவர். 2015 தையிலை கோச்சி திரும்பி வந்தது, அதை அவர் காணேல்லை. பெரும்பாதையைப் புதுசாய்ப் போட்டவை, ஸ்ரேசனுக்கு வெள்ளை அடிச்சவை. கூட்ஸ் பாதையைப் பாக்க வந்த ஒரு இஞ்சினியர் சப்பாத்தாலை ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு, இது பழைய அளவு, பாவிக்கேலாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நான் வேலிக்குப் பின்னாலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். பத்து வருசம் அது பத்தை மண்டிக் கிடந்தது. இந்த ஆடி மாசம் தண்டவாளத்திலை சிவப்புப் பெயின்ற் அடிச்சிருந்ததைக் கண்டு, ஸ்ரேசனிலை விசாரிச்சனான். பழைய இரும்புக்கு வித்தாச்சு, வாங்கின கொந்திராத்துக்காரர் வந்து ஏத்துவினம் எண்டவை. அப்பதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ரை பிள்ளைக்குக் குடுக்காத இரும்பைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கினம்!

அதுக்குப் பிறகு ரெண்டு துண்டு எனக்குத் தரச்சொல்லிக் கொழும்பு ரயில்வேக் கந்தோருக்குக் கடிதம் எழுதினனான். சிங்களத்திலை ஒரு பதில் வந்தது. தபால் கந்தோரிலை வாசிப்பிச்சன். உம்முடைய கடிதம் கிடைத்தது எண்டு மட்டும் இருந்தது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கனிசியசிட்டைக் காட்டி, அனுமதி வந்திட்டுது எண்டு சொன்னனான். உவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. முத்திரையைப் பாத்துப்போட்டு நம்பினவன். பொய் சொன்னது நான். ரீச்சர் பொய் சொல்லுவா எண்டு அவன் கனவிலும் நினைச்சிருக்கமாட்டான்.

பதினைஞ்சாம் திகதி வெள்ளிக்கிழமை, காலமைக் கோச்சி யாழ்ப்பாணம் போனாப் பிறகு, பத்தரை மணியளவிலை, எல்லாரும் பாக்கத்தக்கதாய்க் காஸ் கட்டராலை ஒன்பது அடியிலை ரெண்டு துண்டு வெட்டினவன். அலவாங்காலை நெம்பி நெம்பி லான்ட்மாஸ்ரர் உழவு மிசினிலை ஏத்தி என்ரை வளவுக்குக் கொண்டுவந்தவன். செருப்பைக் கழட்டி வைச்சுப்போட்டுத்தான் நிஷானியை மூடின கிடங்கடிக்குப் போனவன். குறுக்காலை போடவோ நெடுக்காலை போடவோ ரீச்சர் எண்டு கேட்டவன். குறுக்காலை போடு, பங்கருக்குப் போடுற மாதிரி எண்டன். போட்டாப் பிறகு நான் அதிலை இருந்து நல்லா அழுதனான். முப்பத்துநாலு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் எனக்குச் சரியாய் அழுகை வந்தது. காசு குடுக்கப் பாத்தன், அவன் வாங்கேல்லை.

நேற்றுக் கொந்திராத்துக்காரரின்ரை ஆள் வந்து தண்டவாளம் குறையுது எண்டு சொல்லி, ஸ்ரேசன்காரர் முறைப்பாடு குடுக்க, நீங்கள் பட்டறைக்குப் போய் அவனைப் பிடிச்சிருக்கிறியள். அவன் என்ரை பேரைச் சொல்லேல்லை. விக்க எடுத்தனான், பிறகு பயத்திலை கடலுக்குள்ளை போட்டிட்டன் எண்டு சொல்லியிருக்கிறானாம். விசரன். இண்டைக்குக் காலமை அவன்ரை மனுசி லூர்த்தம்மா வந்து வாசலிலை நிண்டு, "ரீச்சர், அவர் உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர், எனக்கு வேறை வழியில்லை" எண்டு அழுதவள். அவனுக்குச் சீனி வருத்தம், காலிலை ஆறாத புண். மறியலிலை போட்டால் அந்தக் கால் போயிடும் எண்டாள். நான் சீலையை மாத்திக்கொண்டு நேரை இஞ்சை வந்தனான்.

கேள்வி: தண்டவாளங்களைத் திருப்பிக் கொடுத்தால் முறைப்பாட்டை வாபஸ் பெறுவதாகப் புகையிரத நிலையத்தினர் கூறியுள்ளனர். அவற்றை உமது வளவிலிருந்து அகற்றச் சம்மதிக்கின்றீரா?

பதில்: முதலிலை மாட்டன் எண்டன். என்னை மறியலிலை போடுங்கோ, அவனை விடுங்கோ எண்டு கேட்டன். சாமான் திரும்பி வராமல் ஒருத்தரையும் விடேலாது எண்டு பொலிஸ் நிலையப் பொறுப்பான பெரியவர் சொன்னவர். அரசாங்கச் சொத்தாம். அந்தச் சொல்லைத் திரும்பவும் கேட்கவேண்டி வந்திட்டுது. தம்பி தேத்தண்ணி தந்தவர், குடிக்கேல்லை. என்ரை மனுசன் இரும்பைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளையை விட்டவர். நானும் அதைச் செய்யமாட்டன். ஓம், சம்மதம். கொண்டுபோங்கோ. கனிசியசைக் கொண்டு மட்டும் தூக்கிப்பிக்க வேண்டாம். வேறை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் படலையைத் திறந்து விடுறன்.

எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டினவை. பங்கர்ப் பகுதி வழக்குக்குத் தேவையில்லை எண்டு பெரியவர் சொல்ல, சார்ஜன்ட் அதிலை கோடு இழுக்கப் பேனையை வைச்சவர். அதை வெட்டினால் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டன். நிஷானி செத்ததுக்கு எந்தக் கந்தோரிலும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை, முப்பத்துநாலு வருசத்திலை அவளின்ரை பேரை அரசாங்கம் எழுதினது இந்தத் தாளிலைதான் எண்டன். வெட்டேல்லை. இதிலை கிடக்கிறது முழுக்க உண்மை, ஒருத்தரும் என்னை வெருட்டி இதைச் சொல்லப்பண்ணேல்லை. என்ரை கையாலை ஒப்பம் வைக்கிறன்.

(ஒப்பம்) செ. சுகிர்தம்