பஞ்சுவுக்குப் போட்ட தையல்

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூலில் வேண்டாம், அதில் எப்போதும் ஓர் ஊசி கிடக்கும். உங்களுக்கு முன்னால் வந்த போலீஸ்காரர் அதில் உட்கார்ந்துவிட்டு, கேட்க வந்த கேள்வியையே மறந்துவிட்டார்.

பஞ்சுவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அது நாங்கள் வைத்த பெயர். உடம்பில் எடையே இல்லாதவனை வேறெப்படிக் கூப்பிடுவது? போன வருஷம் ஒரு காலையில் சட்டை, பேண்ட் பையெல்லாம் கல்லை நிரப்பிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். "அக்கா, கல்லு விழுந்துக்கிட்டே இருக்கு. விழுந்தா நான் மேல போயிடுவேன். உள்ள வச்சுத் தச்சுத் தர முடியுமா?" என்றான். தையல் தொழிலில் இதைவிட விசித்திரமான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்திரண்டு இடுப்பை முப்பத்தாறு என்று எழுதச் சொல்கிறவர்களும் மனிதர்கள்தானே.

என் கணவர் போய் ஆறு வருஷமாக அலமாரியில் தொங்கிய கோட்டை எடுத்தேன். துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் கதவுக் கீல், தாழ்ப்பாள், நட்டு என்று பன்னிரண்டு கிலோ இரும்பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கடைக்குள் நான்கு முறை நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

எங்கள் தெருக்காரர்கள் நல்லவர்கள் சார். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் வாரம் வேலை சொன்னார்கள். கோட்டைக் கழற்றி, இடுப்பில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிவிட்டால் மெல்ல மேலே போவான். தண்ணீர்த் தொட்டி கழுவினான், தெருவிளக்கு மாற்றினான், சலூன்காரரின் பெயர்ப்பலகையைத் துடைத்தான். ஒருநாள் பேக்கரிக்காரர் அவனைப் புகைபோக்கி துடைக்க அனுப்பிவிட்டு மதியம் அசந்து தூங்கிவிட்டார். சாயங்காலம் வரை புகைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தான் பாவம். இழுத்து இறக்கியபோது கறுத்துப் போயிருந்தான். "பரவால்லண்ணே" என்றான்.

மற்ற நேரமெல்லாம் என் கடையில்தான். நான் சட்டைகளுக்குப் பட்டன் துளை போட்டு காஜா எடுப்பேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். ஆறு வருஷம் தையல் மெஷினோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

போன மாதம் சொன்னான்: "வர்ற வெள்ளிக்கிழம காத்து திரும்புதுக்கா. எங்க ஆளுங்க இந்தப் பக்கமா மேல போவாங்க. என் பொண்ணும் வருவா, ஒம்பது வயசு. இத விட்டா இந்தக் காத்து வர இருபது வருஷம் ஆகும்." கோட்டைக் கழற்றினால் போதும், போய்விடுவான். சந்தோஷம்டா என்றேன்.

தெருவில் சொன்னேன். "புகைபோக்கி பாதிதானே ஆச்சு, அதுக்குள்ளயா?" என்றார் பேக்கரிக்காரர். "போறதுன்னா முன்னாடியே சொல்றதில்லையா?" என்றார் சலூன்காரர். அவன் முன்னாடியேதான் சொல்லியிருந்தான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நாகரிகமான மனிதர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில், "பட்டன் தளந்திருக்கு, நில்லு" என்றேன். போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றான். செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் கோட்டின் முன்பக்கத்தை நான்கு இடத்தில் சேர்த்துத் தைத்தேன். "நாலு பேரு பாக்க நல்லா போகணும்ல" என்றேன். "தேங்க்ஸ்க்கா" என்றான்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தான். "அக்கா, கழட்ட வரலக்கா. தல வழியாவும் வர மாட்டேங்குது."

"கையில அவசர வேல இருக்கு. நாளைக்குப் பிரிச்சுத் தரேன்."

"நாளைக்கு அவங்க இருக்க மாட்டாங்கக்கா. அந்தக் கத்தரியக் குடுக்கிறீங்களா?"

"துணி வெட்டுற கத்தரிடா. மெழுகு நூல்ல வச்சா மொன்னையாயிடும்."

கேட்காமல் எடுக்கிற பழக்கம் அவனுக்கில்லை. சலூனுக்குப் போனான். எங்கள் தெருவில் ஒருவர் கைவைத்த வேலையில் இன்னொருவர் கைவைக்க மாட்டோம். "அவங்க தச்சத நான் வெட்டினா, அப்புறம் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாராம் சலூன்காரர், கையில் கத்தரிக்கோலோடு. பேக்கரிக்காரரின் கத்தி ரொட்டி வெட்டுகிற கத்தியாம், நூலெல்லாம் வெட்டக் கூடாதாம். அதன் பிறகுதான் எங்கள் கட்டிடத்து மொட்டை மாடிக்கு ஓடினான்.

நானும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். ஐம்பது அறுபது பேர், கொடியிலிருந்து பிய்த்துக்கொண்ட துணிகளைப்போலப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் தாழ இறங்கி, "அப்பா, கையக் குடுப்பா" என்று கூப்பிட்டாள். அவன் கைப்பிடிச் சுவர்மேல் ஏறினான். எட்டிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். தாவினான். நான்கு மாடி சார், கீழே சிமெண்டுத் தரை.

தவறி விழுந்துவிட்டான் என்று தெருவில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். தைத்தது நான். அவன் போகக் கூடாது என்று, தெரிந்தேதான் தைத்தேன். அந்தப் பெண்ணின் குரல் கேட்டபோதும் கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. மாடிக்குப் போயிருந்தால் நான்கு வெட்டு, அவ்வளவுதான்.

ஆனால் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் அவ்வளவு உயரம் போகப் போகிறேன் என்கிறான். எங்கேயாவது விழுந்து கிழுந்து வைப்பானே என்றுதான் சார் எனக்குக் கவலை.