தண்ணிக்குப் பயந்த கேப்டன்

டிரைவர்: ...இருங்க, இருங்க. முதல்ல காலை விடுங்க. இப்ப என்ன சொன்னீங்க? அந்தக் கார்ட்டூன்ல நண்டுதான் ஹீரோவா?

பிசியோ: ஆமாண்ணா. நண்டு இன்ஸ்பெக்டர்தான் ஹீரோ. கரடி சும்மா தொப்பி போட்ட சோம்பேறி.

டிரைவர்: வாய்க்கு வந்ததப் பேசாதீங்கம்மா. கரடி கேப்டனைப் போய்...

பிசியோ: பேருதான் கேப்டன். தண்ணியக் கண்டா நடுக்கம். கப்பல்ல ஏறினதுலேர்ந்து கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதெல்லாம் ஒரு கேப்டனா?

டிரைவர்: அட, அதுலதானே விஷயமே இருக்கு! பயமே இல்லாதவன் கப்பல் ஓட்டினா யார் உக்காந்து பாப்பாங்க? பயந்தாங்கொள்ளி ஓட்டினாதான்... ஆ! அம்மா! மெதுவாங்க!

பிசியோ: நான் தொடவே இல்லையே. கோவத்துல நீங்களே காலை உள்ள இழுத்துட்டீங்க. நல்லாவே இழுத்தீங்க. இன்னும் கொஞ்சம் கோவப்படுங்க பாப்போம்.

டிரைவர்: ஓஹோ. இதுதான் உங்க வைத்தியமா? வந்தவனைச் சீண்டி விடறது?

பிசியோ: நாற்காலில சும்மா உக்காந்திருந்தா முட்டி மடங்கிடுமா? நாற்காலிக்கு அடியில தரையில சிவப்பு டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க. குதிகால் அதைத் தாண்டி உள்ள போகணும். மத்தியானம் பெரிய டாக்டர் வருவார். மடங்கலைன்னா மயக்க ஊசி போட்டு அவரே மடக்கி விட்டுடுவார்.

டிரைவர்: அந்தப் பேச்சே வேண்டாம் தாயே.

பிசியோ: கிளட்ச் எந்தக் கால்ல மிதிப்பீங்க?

டிரைவர்: இந்த உருப்படாத கால்லதான்.

பிசியோ: அது மடங்கலைன்னா?

டிரைவர்: டிப்போல ஒரு மேஜை போட்டு உக்கார வெச்சுடுவாங்க. ஸ்டியரிங் பிடிச்ச கையில ஸ்டாப்ளர் பிடிக்கணும். ஜன்னல் வழியா நம்ம பஸ்ஸை வேற எவனோ ரிவர்ஸ் எடுக்கறதப் பாத்துக்கிட்டு... வேண்டாம்மா. இழுக்கறேன். இதோ இழுக்கறேன்.

பிசியோ: பேசிக்கிட்டே இழுங்க. இப்ப வர்ற கார்ட்டூன் எல்லாத்தையும் திட்டுங்க. அது உங்களுக்கு நல்லா வரும்.

டிரைவர்: திட்டாம? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. கண்ணு மட்டும் தட்டு அளவுக்கு. ஒரு நிமிஷம் சும்மா இருக்குதுங்களா? வெடிக்குது, பறக்குது, பாடுது. போதாததுக்குப் புத்திமதி வேற. பல்லு தேய்ன்னு ஒரு பாட்டு! ஏன், அதைச் சொல்ல வீட்ல ஆள் இல்லையா?

பிசியோ: அப்போ கார்ட்டூன்ல என்னதான் இருக்கணும்கறீங்க?

டிரைவர்: விழணும். தொபுக்கடீர்னு விழணும். எந்திரிச்சதும் முதல் வேலையா தொப்பியத் தேடணும். கை கால் இருக்கான்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல தொப்பி.

பிசியோ: நீங்க விழுந்தப்போ என்ன தேடினீங்க?

டிரைவர்: ...செருப்பை.

பிசியோ: ஹா ஹா...

டிரைவர்: சிரிங்க, சிரிங்க. ஓடற பஸ்லேர்ந்து விழுந்திருந்தாலும் ஒரு கௌரவம் உண்டு. நின்ன பஸ்லேர்ந்து, ஈரப் படியில, மொத்த டிப்போவும் வேடிக்கை பாக்க விழுந்தேன். காலு ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கு, நான் "செருப்பு எங்க, செருப்பு எங்க"ன்னு...

பிசியோ: கரடி பரம்பரைதான் நீங்க. சரி, விடாதீங்க, இழுங்க. அந்தக் காக்கா சமையல்காரன் குரல் எப்படி இருக்கும், சொல்லுங்க.

டிரைவர்: ஜலதோஷம் பிடிச்ச வாத்தியார் மாதிரி! "கேப்டேன்... சூப் ரெடி கேப்டேன்..."

பிசியோ: அதே குரல்! அப்படியே இருக்குண்ணா!

டிரைவர்: இருக்கா?

பிசியோ: கண்ண மூடினா காக்காவேதான்.

டிரைவர்: ...ம். அந்தக் காலத்து டப்பிங்கே தனி. வாய் மூடின அப்புறமும் பேச்சு ஓடிக்கிட்டிருக்கும். இப்ப உதடு கரெக்டா ஒட்டுது, குரல் மனசுல ஒட்ட மாட்டேங்குது. ஆமா, நண்டு ஹீரோன்னீங்களே. ஒரு காரணம் சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

பிசியோ: நண்டு அழுத எபிசோட் பாத்தீங்கள்ல?

டிரைவர்: ...நண்டு அழுததா?

பிசியோ: ஆமாண்ணா. கேப்டனைப் பிடிக்கணும்னு தினமும் கரையிலேர்ந்து கிளம்பும். பக்கவாட்டுலதானே நடக்கும்? கப்பலைக் குறி வெச்சுப் போகும், போய்ச் சேர்றது பக்கத்துத் தீவு. ஒரு நாள் பாவம், காத்து மாறி கப்பலே அது போற வழியில வந்து நிக்கும். ஏறிடும். கைவிலங்கையும் எடுத்துடும். கேப்டன் கை நீட்டிக்கிட்டு நிக்குது, நண்டு ஓன்னு அழும்.

டிரைவர்: ஏன் அழுதுச்சு?

பிசியோ: நீங்கதானே பெரிய ரசிகர்? நீங்க சொல்லுங்க.

டிரைவர்: ...பிடிச்சுட்டா, நாளைக்கு எதுக்கு எந்திரிக்கறதுன்னு இருக்கும்.

பிசியோ: அதேதான்! அதுக்குத்தான்!

டிரைவர்: விலங்கைக் கடல்ல தூக்கிப் போட்டுட்டு, "இன்னைக்கு லீவு"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிருக்கும்.

பிசியோ: போச்சு! பக்கவாட்டுல!

டிரைவர்: நல்ல எபிசோட்மா அது.

பிசியோ: ரொம்ப நல்ல எபிசோட். காலை நிறுத்தாதீங்க. கடைசில கரடி தண்ணில குதிச்சுதா, இல்லையா? எனக்கு அது மட்டும் மறந்து போச்சு.

டிரைவர்: அதை எப்படி மறப்பீங்க? புயல். கப்பல் இந்தப் பக்கம் ஆடுது, அந்தப் பக்கம் ஆடுது. காக்கா சூப் சட்டியோட வழுக்கிக் கடல்ல விழுந்துடுச்சு. நனைஞ்ச றெக்கையோட பறக்க முடியுமா? காக்காவுக்கு நீச்சல் தெரியுமா?

பிசியோ: தெரியாது. நான் லேசா அழுத்தறேன், நீங்க சொல்லுங்க.

டிரைவர்: கரடி கம்பத்தக் கட்டிக்கிட்டு நிக்குது. "கேப்டேன்..."னு ஒரு சத்தம். ஒரு கையை எடுக்குது. திரும்பப் போய்க் கம்பத்தப் பிடிச்சுக்குது. திரும்ப எடுக்குது...

பிசியோ: ம்... அப்புறம்?

டிரைவர்: காக்கா மூழ்குது. சட்டி மட்டும் மிதக்குது. கரடி ரெண்டு கையையும் எடுத்துடுச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிச்சு...

பிசியோ: மூச்ச விடுங்கண்ணா. விட்டுக்கிட்டே...

டிரைவர்: தொப்பியக் கழட்டி பத்திரமா கம்பத்துல மாட்டிட்டு... தொபுக்கடீர்!

பிசியோ: காக்கா?

டிரைவர்: பொழைச்சுது. கரடி முதுகுல உக்காந்துக்கிட்டு, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி கேப்டேன்"னுச்சு.

பிசியோ: அண்ணா... கொஞ்சம் கீழ பாருங்க.

டிரைவர்: ஏன்? ...டேப்பைக் காணோமே?

பிசியோ: முன்னாடி இருக்கு. நீங்க அதைத் தாண்டிப் போயிட்டீங்க.

டிரைவர்: நிஜமாவா? இது என் காலா? ...அம்மாடி! இப்பத்தான் வலிக்குது!

பிசியோ: வலிக்கட்டும். கிளட்ச்சுக்கு இது தாராளம். பெரிய டாக்டர் வந்து பாத்துட்டுக் கை குலுக்கிட்டுப் போவார்.

டிரைவர்: ஸ்டாப்ளர் வேண்டாம்?

பிசியோ: வேண்டாம்.

டிரைவர்: ...ஒரு நிமிஷம். கண்ணுல என்னவோ விழுந்துடுச்சு.

மனைவி: என்னங்க இது, வெளிய வரைக்கும் கேக்குது சத்தம்! காத்திருக்கறவங்க எல்லாம் பயந்து போய் என் மூஞ்சியப் பாக்கறாங்க.

டிரைவர்: வாடி வா! கீழ பாரு. டேப்பைப் பாரு, என் காலைப் பாரு!

மனைவி: அய்யோ... மடங்கிடுச்சா? நல்லா இருப்பீங்கம்மா நீங்க. என்ன பண்ணி மடக்கினீங்க? வீட்ல ஒரு வெரல் மேல பட்டாலே ஊரைக் கூட்டுவார்.

பிசியோ: நான் ஒண்ணும் பண்ணலக்கா. எல்லாம் அண்ணன் சின்ன வயசுல பாத்த கார்ட்டூன் புண்ணியம். அதைப் பேசிப் பேசித்தான்...

மனைவி: கார்ட்டூனா? இவரா?

டிரைவர்: ஏய், பையை எடு. கிளம்பலாம்.

மனைவி: இவங்க வீட்ல டிவியே கிடையாதேம்மா! நாங்க கல்யாணம் பண்ணி குடித்தனம் வந்த அப்புறம்தான் முதல் டிவி வாங்கினோம். ரிமோட்டத் தலைகீழாப் பிடிச்சவர் இவர்.

பிசியோ: ...அண்ணா?

டிரைவர்: ...ம்.

பிசியோ: அப்போ கரடி?

டிரைவர்: வரலைம்மா. எந்த டிவிலயும் வரலை. லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்தா ஒவ்வொருத்தனும் ஒரு கார்ட்டூன் கதையோட வருவான். எத்தனை நாள் வாயப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது? ஒரு நாள் கரடின்னு ஒண்ண எடுத்து விட்டேன். பெரியம்மா வீட்டு டிவில மட்டும் வர்ற சேனல்னேன். நம்பிட்டாங்க. அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அப்புறம் நிறுத்தவே முடியல.

மனைவி: அடப்பாவி மனுஷா! என்கிட்டகூட சொல்லலையே!

டிரைவர்: அது கிடக்கட்டும். என் பொழப்புதான் சிரிப்பா சிரிச்சாச்சு. ஏம்மா, நான் கரடின்னு வாயத் தொறந்த அன்னைக்கே, "அய்யோ, அது எனக்கு உயிராச்சே"ன்னீங்களே? காக்கா குரல் அப்படியே இருக்குன்னீங்க. நண்டை வேற அழ வெச்சீங்க!

பிசியோ: தெரிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?

டிரைவர்: பின்னே? அன்னைக்கே கேட்டுடலாம்னுதான் பாத்தேன். ஆனா என் கரடியைப் பத்தி இன்னொருத்தர் வாயால கேக்கறது... நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன். இப்ப சொல்லுங்க. வராத கார்ட்டூனை நீங்க எந்த வீட்டு டிவிலம்மா பாத்தீங்க?

பிசியோ: எங்க வீட்லயும் டிவி இல்லண்ணா... நீங்க கதை விட்ட கட்சி, நான் "ஆமா, நானும் பாத்தேன்"னு தலையாட்டின கட்சி.