வண்டியைப் பார்த்துச் சிரிக்காதீங்க

மெட்டுகுடாவில் ஹைதராபாத் மெட்ரோ ஏறியதும் எதிர் சீட்டில் இருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னதைக் கேட்டு, செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

"இந்தத் தடவையாவது வண்டியைப் பார்த்துச் சிரிக்காதீங்க."

கணவரின் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. "நான் எங்கே சிரிச்சேன்?"

"போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போனோமே? விக்கிற ஆள் வண்டி மேல போட்டிருந்த கவரை எடுத்ததும் பல்லைக் காட்டினீங்க. ஒன்பது லட்சம்னவன் உடனே பத்துன்னுட்டான். கைக்கு, ஏன் அப்படி ஒரு இளிப்பு?"

"பழைய ஸ்போர்ட்ஸ் கார், ஸ்டெல்லா. சிவப்பு. ரெண்டே சீட்டு."

"சிவப்பைப் பார்க்காதீங்க, துருவைப் பாருங்க. கதவுக்கு அடியில தட்டிப் பாருங்க. இன்ஜின் மாத்தினதுன்னு முகத்தைச் சுளிங்க. எட்டரைதான் நியாயமான விலை."

"ஹவ், சரி, எட்டரை."

பாரடைஸ் தாண்டுவதற்குள் அவரே, "எட்டே முக்கால் கொடுக்கலாம்" என்றார். ரசூல்புராவில், "ஒன்பதுன்னாலும் தப்பில்ல."

"நக்கோ, வேணாம்! நீங்க கேட்டுக்கு வெளியவே நில்லுங்க. நானே பேசிக்கிறேன்."

"ஓட்டிப் பார்க்க வேணாமா?"

"அதையும் நானே ஓட்டிப் பார்க்கிறேன். மேல்கூரையைத் திறந்துவிட்டு, நெக்லஸ் ரோடு வரைக்கும்."

பேகம்பேட் வந்தது. இருவரும் எழுந்து கதவருகே போனார்கள். கதவுக் கண்ணாடியில் தெரிந்த மனைவியின் முகத்தைக் கணவர் கவலையோடு பார்த்தார்.

"ஸ்டெல்லா, சிரிக்காதே. பதினொன்னு ஆயிடும்."