கொக்கி இல்லாத தொட்டி

கதவை இழுத்துச் சாத்துங்க... காத்து வருது. இது நம்ம ஹேசலோட மாமா வில்ஃபுக்கு நடந்தது. நம்பினா நம்புங்க.

நவம்பர் மாசம், சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள இருட்டு. கால்வாய் ஓரத்து ரோட்டுல ஈ காக்கா இல்லை. ரோட்டு முனையில ஓல்ராய்டு குடும்பத்தோட பழைய பீர் ஆலை... விக்டோரியா ராணி காலத்து அஞ்சு மாடிக் கோபுரம். தண்ணியையும் தானியத்தையும் உச்சிக்கு ஏத்துவாங்க. ஒவ்வொரு மாடியா இறங்கி, அடியில பீரா வரும். இருபது வருஷமா பூட்டிக் கிடந்துச்சு.

வில்ஃப் போனது கட்டடத்தை அளக்க. கூட முதலாளி கிளைவ் ஓல்ராய்டு. இடிச்சு ஃபிளாட் கட்டணும்னு பறந்துக்கிட்டிருந்தான். வயித்துல அல்சர், பல வருஷமா ஒரு சொட்டு பீர் தொடலை. கையில டீ பிளாஸ்க்.

ரெண்டாவது மாடியில ஏழு பெரிய மரத்தொட்டி. பீர் நுரைச்சுப் பொங்குறது அதுலதான். ஒவ்வொண்ணுக்கும் மேல, இரும்பு உத்தரத்துல ஒரு கொக்கி. கழுவ இறங்குறதுக்கு முன்னாடி அதுல சங்கிலி போட்டு மெழுகுவத்தியை இறக்குவாங்க. எரிஞ்சா ஆள் இறங்கலாம். அணைஞ்சா... உள்ள விஷக்காத்து.

ஏழாவதுக்கு மேல மட்டும் கொக்கி இல்லை. அறுத்த தடம்.

"இதை யாரு சார் அறுத்தது?"

கிளைவ் சிரிச்சான். "எங்க பாட்டன்தான். சேத் ஆம்ப்ளெட்னு ஒரு வேலையாள். கிறிஸ்துமஸ் அவசரம், வத்தியாவது மண்ணாவது, இறங்கித் தேய்டான்னுட்டார். ஆள் காலி. ஏன் வத்தி இறக்கலைன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு உடனே கொக்கியை அறுத்துட்டு, அவன் குடிச்சுட்டு விழுந்தான்னு விசாரணையில சொல்லிட்டார். பொண்டாட்டி கத்தினாளாம், 'அவர் சர்ச்ல சத்தியம் பண்ணவர், ஒரு சொட்டு தொடமாட்டார்'னு. யார் கேட்டா?"

சொல்ற மூஞ்சியில கொஞ்சமாவது வெக்கம் இருக்கணுமே!

அப்பதான் அந்த வாசனை... காஞ்ச கட்டடத்துல புது ஈஸ்ட் வாசனை. மூக்குல சுருக்குனு ஏறுச்சு. ஏழாவது தொட்டிக்குள்ள... சரக்... சரக்... பிரஷ் போட்டுத் தேய்க்கிற சத்தம்.

"எவன்டா அது? தொட்டிக்குள்ள அடிச்ச செம்புத் தகட்டைத் திருடுறியா?" கிளைவ் ஏணியில கால் வச்சுட்டான்.

வில்ஃபோட அப்பாவும் பீர் ஆலைக்காரர்தான். அந்தப் பழக்கத்துல எப்பவும் பையில ஒரு மெழுகுவத்தி இருக்கும்.

"சார், இருங்க. வத்தியை இறக்கிப் பாத்துடலாம்."

"யோவ், இருபது வருஷமா காஞ்ச தொட்டி! சின்னப் பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுறியா?" டார்ச் அடிச்சுக்கிட்டு இறங்கிட்டான்.

சத்தம் நின்னுது.

வில்ஃப் எட்டிப் பாத்தார். டார்ச் எரியுது. கிளைவ் மட்டும்தான்... களைச்சுப் போன ஆள் மாதிரி சாஞ்சு உக்காந்திருக்கான். கூப்பிட்டும் அசையல. வத்தியைக் கொளுத்தி, அளக்குற நாடாவுல கட்டி இறக்கினார். விளிம்பைக்கூடத் தாண்டல... அணைஞ்சுது.

அரைமணி கழிச்சு தீயணைப்புக்காரங்க இறக்கின விளக்கு அடிவரைக்கும் அசையாம எரிஞ்சுது. காத்து சுத்தம்னாங்க.

கிளைவ் செத்ததுக்கு நடந்த விசாரணையில, குடிச்சுட்டு விழுந்தார்னு எழுதிட்டாங்க. கிளைவ் பொண்டாட்டி கத்தினா, "அவர் ஒரு சொட்டு தொடமாட்டார்!" வில்ஃபும் சாட்சிக் கூண்டுல ஏறிச் சொன்னார், டீதான் குடிச்சார்னு. யார் கேட்டா?

டாக்டர்தான் வயித்தைக் கிழிச்சுப் பாத்துட்டாரே. பீர்... தொண்டைக்குழி வரைக்கும். இன்னும் நுரைச்சுக்கிட்டு இருந்துச்சாம்.