அண்ணாச்சி கேட்ட மொத்தம்

1. அம்பாசமுத்திரம் பேருந்தில் என் முன்னிருக்கையில் பார்சல் சர்வீஸ் முதலாளி ஒருவரும், அவருக்கு மென்பொருள் எழுதிய இளைஞரும் உட்கார்ந்தார்கள்.
2. திருச்செந்தூர் கிளையில் பதிவுத் திரை அசையவில்லை, பார்சல் போட வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று இளைஞருக்கு அழைப்பு வந்தது.
3. முதலாளி கைபேசியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன பாக்கீய, அண்ணாச்சி?"

"இதுவரை மொத்தம் எத்தனை பார்சல்னுதான். வரமாட்டேங்கு."

"எல்லாப் பதிவையும் முதல்ல இருந்து எண்ணணும்லா. சுமாரான எண்ணிக்கைன்னா உடனே காட்டலாம்னு அப்பவே சொன்னேன்."

"சுமாரா? நான் என்ன சுமாராவா எடை போடுதேன்?"

"வரலைன்னு திரும்பத் திரும்ப அமுக்குனீயளா?"

"பின்ன?"

"அமுக்குத நேரமெல்லாம் புதுசா ஒரு எண்ணிக்கை தொடங்கும், பழசும் நிக்காது. கிளையில பதியுத அதே கம்ப்யூட்டர்தான் அம்புட்டையும் எண்ணணும். கிளையை நிப்பாட்டுனதே நீங்கதான்."

"அப்ப சீக்கிரம் எண்ணச் சொல்லும்வே."

அவர் மறுபடி தட்டினார்.

பேருந்து சேரன்மகாதேவியைத் தாண்டிவிட்டது. மொத்தம் வரவில்லை. திருச்செந்தூரில் பதிவு நின்றே இருக்கிறது.